அத்தியாயம் 4: ஒரு சொல்லைப் பின்தொடர்தல்

இறையியலில் ஆய்வு செய்ய வருகிறவரிடம் தலைப்பு என்னவென்று கேட்டால், பெரும்பாலும் ‘தமிழ்க் கிறிஸ்தவத்தில் கடவுள் கோட்பாடு’ என்பது போல ஒன்றைச் சொல்வார். ஆசை நல்லதுதான். ஆனால் அந்தத் தலைப்புக்காக எந்த நூலகத்துக்குப் போய் எந்த அலமாரியைத் திறப்பது என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அந்தப் பதில் கிடைக்கும்வரை அது வெறும் விருப்பம்தான், ஆய்வுத் தலைப்பு அல்ல.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு கடைசிவரை போகப்போகிறோம். தமிழ் வேதாகமத்தில் இறைவனைக் குறிக்கும் சொல் ஏன் மாறிக்கொண்டே வந்தது? சீகன்பால்கு ‘சர்வேசுரன்’ என்று எழுதினார். பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். 1871-இல் வெளியான ஐக்கியத் திருப்புதல் ‘தேவன்’ என்றது. 1995-இல் வந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இவை எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: தெயோஸ்.

உங்கள் ஆர்வம் வேறு சொல்லில் இருக்கலாம். இரட்சிப்பா மீட்பா, ஞானஸ்நானமா திருமுழுக்கா, வார்த்தையா வாக்கா என்று எதையும் எடுத்துக்கொள்ளுங்கள். படிகள் மாறாது. செராம்பூர் செனட்டின் கீழ் எம்.டிஎச். ஆய்வேடு எழுதுகிறவருக்கும், சபையின் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுத உட்காரும் ஓய்வுபெற்ற ஆசிரியருக்கும் இவையே படிகள்.

கேள்வியைச் செதுக்குதல்

1. உங்கள் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதன் முடிவில் கேள்விக்குறி இருக்க வேண்டும். ‘தமிழ் வேதாகமச் சொற்கள்’ என்பது பொருள். ‘பராபரன் என்ற சொல்லை ஐக்கியத் திருப்புதல் ஏன் கைவிட்டது?’ என்பதுதான் கேள்வி.

2. காலம், இடம், நூல் ஆகிய மூன்றையும் வரையறுங்கள். எடுத்துக்காட்டு: 1715 முதல் 1871 வரை, தரங்கம்பாடி, சென்னை, திருநெல்வேலி, யாழ்ப்பாணம், அச்சான வேதாகமப் பதிப்புகள் மட்டும். கையெழுத்துப் படிகளையும் கீர்த்தனைகளையும் வேறொரு ஆய்வுக்கு விட்டுவிடலாம்.

3. எந்தச் சான்று கிடைத்தால் உங்கள் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்? அதையும் இப்போதே எழுதி வையுங்கள். ‘சைவ வாடை வீசியதால் பராபரனை விட்டார்கள்’ என்பது உங்கள் ஊகமானால், மொழிபெயர்ப்புக் குழுவினர் வேறு காரணம் சொல்லியிருக்கும் ஒரு கடிதம் அதை அசைத்துவிடும். அந்தக் கடிதத்தைத் தேடிப் போகத் துணிவு வேண்டும்.

மூன்றாவது படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். பிரசங்கத்துக்கு வசனம் தேடிப் பழகிய கை, ஆய்விலும் முடிவை முதலில் வைத்துக்கொண்டு ஆதாரத்தைப் பிறகு தேடுகிறது. பிரசங்க மேடையில் அதற்கு இடம் இருக்கலாம். ஆய்வில் இல்லை.

வாசல்கள் நான்கு

கொள்கை விளக்கம் இந்த ஒரு பகுதியோடு முடிந்துவிடும்.

மறைநூல் வழியாக நுழைந்தால், எபிரேய ‘எலோகீம்’ உண்மையான இறைவனையும் பிற தெய்வங்களையும் ஒருசேரக் குறிக்கும் சொல் என்பதிலிருந்து தொடங்குவீர்கள். வரலாற்று வாசலில் நுழைந்தால், யார் தேர்ந்தார், யார் எதிர்த்தார், யார் அச்சுக்குப் பணம் கொடுத்தார் என்று கேட்பீர்கள். கோட்பாட்டு வாசலில், ‘தேவன்’ என்ற சொல் ஒருமையையும் திரித்துவத்தையும் தாங்குமா என்பது கேள்வி. நான்காவது வாசல் மக்களின் வழிபாட்டு வாழ்க்கை. அச்சில் ‘தேவன்’ என்று இருக்க, ஜெபத்தில் ஒரு மூதாட்டி ‘ஆண்டவரே, அப்பா’ என்றுதான் அழைக்கிறார். ஏன்?

நான்காவது வாசலைத் தாழ்வாக நினைக்காதீர்கள். தலித் இறையியலின் தொடக்கத்தை, 1981-இல் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து கணக்கிடுகிறார்கள். ஒடுக்கப்பட்டவரின் வேதனையையே இறையியலின் மூலச் சான்றாக எடுத்துக்கொண்டது அந்தச் சிந்தனை. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புறப் பாட்டையும் பேச்சுத்தமிழையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தபோது, செந்தமிழில் மட்டுமே இறைவனைப் பேச வேண்டும் என்ற பழக்கமே கேள்விக்குள்ளானது.

ஒரு வாசலை முதன்மையாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் ஒரே நேரத்தில் நுழைகிறவர் எதிலும் உள்ளே போவதில்லை. நாம் வரலாற்று வாசலில் நுழைகிறோம்.

முதலில் மூலம், பிறகு அதைப் பற்றிய நூல்

4. ஆறு வசனங்களைத் தேர்ந்து ஓர் அட்டவணை போடுங்கள். நான் பரிந்துரைப்பவை: ஆதியாகமம் 1:1, ஆதியாகமம் 2:4, சங்கீதம் 82:1, யோவான் 1:1, அப்போஸ்தலர் 17:23, 1 கொரிந்தியர் 8:5-6. குறுக்கு வரிசையில் பதிப்புகளை ஆண்டோடு எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பதிப்பு பயன்படுத்திய சொல்லை, அதில் உள்ள எழுத்துப்படியே எழுதுங்கள்.

இந்த ஆறும் ஏன்? ஆதியாகமம் 2:4-இல் எபிரேய மூலம் இறைவனின் பெயரையும் எலோகீம் என்ற சொல்லையும் சேர்த்து வைக்கிறது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் அங்கே இரண்டு தமிழ்ச் சொற்களைத் தேடியே ஆக வேண்டும். ஐக்கியத் திருப்புதலில் ‘தேவன்’, ‘கர்த்தர்’ என்ற இரண்டு வருகின்றன. திருவிவிலியத்தில் ‘கடவுள்’, ‘ஆண்டவர்’. சங்கீதம் 82:1 இன்னும் கடினமானது. ஒரே வசனத்தில் இறைவனும் வருகிறார், தெய்வங்களும் வருகின்றன, இரண்டுக்கும் மூலத்தில் ஒரே சொல். ‘தேவன்’ என்று தேர்ந்தவருக்கு ‘தேவர்கள்’ என்ற பன்மை உடனே கைகொடுக்கிறது. ‘கடவுள்’ என்று தேர்ந்தவர் ‘தெய்வங்கள்’ என்று வேறு வேருக்குத் தாவ வேண்டியிருக்கிறது. மூலத்தில் இருந்த ஒலி உறவு அங்கே அறுந்துபோகிறது. அதே நேரம், தேவர் கூட்டத்தில் ஒருவர் என்ற பொருள் ‘தேவன்’ என்ற சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருவதும் உண்மை. ஒன்றைப் பெற இன்னொன்றை இழந்திருக்கிறார்கள். இது உங்கள் அட்டவணையில் கண்ணுக்குத் தெரியும். எந்த நூலும் சொல்லித்தர வேண்டியதில்லை.

5. ஒவ்வொரு சொல்லும் கிறிஸ்தவத்துக்கு வெளியே எங்கே வாழ்ந்தது என்று பாருங்கள். ‘சர்வேசுரன்’ என்பது சீகன்பால்கு உண்டாக்கிய சொல் அல்ல. அவருக்கு முன்பே கத்தோலிக்கர் வழங்கிய சொல் அது. 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட்டோ தெ நொபிலியின் எழுத்துகளிலும் உண்டு. அதற்கும் முன், 1578-இல் கொல்லத்தில் அச்சான அண்டிரிக் அடிகளாரின் பதினாறு பக்க நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. தலைப்பிலேயே இன்னொரு சொல் இருக்கிறது. ‘பராபரன்’ தாயுமானவரின் பராபரக்கண்ணியில் நிறைந்திருப்பது. பப்ரிசியுஸ் சென்னையில் உட்கார்ந்து பெயர்த்த அதே 18-ஆம் நூற்றாண்டில் சைவர் நாவிலும் அந்தச் சொல் இருந்தது.

6. அகராதிகளைக் கால வரிசையில் பாருங்கள். வீரமாமுனிவரின் சதுரகராதி (1732), வின்சுலோ அகராதி (1862), சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) ஆகிய மூன்றையும் அருகருகே வைத்தால் ஒரு சொல்லின் பொருள் எப்படி நகர்ந்தது என்பது புலப்படும். இன்றைய அகராதியின் பொருளை 1715-ஆம் ஆண்டுச் சொல்லுக்குப் போடுவது, இன்றைய நில வரைபடத்தை வைத்துக்கொண்டு பழைய பத்திரத்தை வாசிப்பது போன்ற பிழை.

7. இத்தனையும் செய்த பிறகு பிறர் எழுதியதை வாசியுங்கள். சபாபதி குலேந்திரன் பேராயரின் ‘கிறிஸ்தவ தமிழ் வேதாகமத்தின் வரலாறு’ (1967) தமிழிலேயே உள்ளது. அதிலிருந்து தொடங்குவது நல்லது. ஆங்கிலம் வாசிப்பவர் புரோர் தில்லியாந்தர் 1974-இல் கிறிஸ்தவ, இந்துச் சொல்லாட்சி பற்றி எழுதிய நூலையும், தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு பற்றி ஹெப்சிபா இஸ்ரேல் 2011-இல் வெளியிட்ட நூலையும், தென்னிந்தியப் புராட்டஸ்டண்டு தொடக்கம் பற்றி டென்னிஸ் ஹட்சன் 2000-இல் எழுதியதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. நல்ல ஆய்வாளர் ஒருவரின் நூலை முதலில் வாசித்துவிட்டால், பிறகு மூலத்தைத் திறக்கும்போது அவர் காட்டியது மட்டுமே கண்ணில் படும். உங்கள் அட்டவணை கையில் இருந்தால் அவரோடு நீங்கள் வாதாட முடியும்.

*குறிப்பு:* ரேனியுஸ் திருத்திய பதிப்பையும், யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் தலைமையில் ஆறுமுக நாவலர் உதவியோடு உருவான பெயர்ப்பையும் உங்கள் அட்டவணையில் நீங்களே நிரப்புங்கள். அவற்றின் சொல்லை இங்கே வேண்டுமென்றே தரவில்லை. பராபரனிலிருந்து தேவனுக்கு வந்த பாதை அந்த இரண்டு பதிப்புகளுக்கும் இடையில்தான் தேடப்பட வேண்டியது.

எந்தச் சான்று எங்கே இருக்கிறது

சபையை நிறுவிய மிஷன் எதுவென்று தெரிந்தால் ஆவணம் இருக்கும் ஊரும் தெரிந்துவிடும். இது பல மாதத் தேடலை மிச்சப்படுத்தும்.

தரங்கம்பாடி மிஷன் என்றால் ஜெர்மனியின் ஹாலே நகரில் உள்ள பிராங்கே அறநிறுவனம். அங்கிருந்து 1710 முதல் 1772 வரை அச்சான மிஷன் அறிக்கைகள் இணையத்தில் வாசிக்கக் கிடைக்கின்றன. டென்மார்க் அரசு தொடர்பான தாள்கள் கோபன்ஹேகனில். திருநெல்வேலியின் சி.எம்.எஸ். கடிதங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில். நாசரேத், இடையன்குடிப் பக்கத்து எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தில். நாகர்கோவில் எல்.எம்.எஸ். தாள்கள் லண்டன் சோவாஸ் நூலகத்தில். அமெரிக்க மதுரை மிஷன், யாழ்ப்பாண மிஷன் ஆகியவற்றின் கடிதங்கள் ஹார்வர்டின் ஹூட்டன் நூலகத்தில். மதுரை இயேசு சபையினரின் ஆவணங்களை ஆய்வு நூல்களின் அடிக்குறிப்புகள் ‘செண்பகனூர்’ என்ற பெயரால் குறிக்கும்.

வெளிநாட்டுப் பட்டியலைக் கண்டு மலைக்க வேண்டாம். பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம், சென்னைக் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி, தமிழ்நாடு இறையியல் கல்லூரி, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகிய நான்கையும் முடித்த பிறகுதான் கடல் தாண்டிய சான்று உண்மையிலேயே வேண்டுமா என்பது தெரியும். வீட்டிலிருந்தபடி பார்க்க, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், யாழ்ப்பாணச் சான்றுகளுக்கு ‘நூலகம்’ மின்னூலகமும் உண்டு.

எந்த நூல்கள் அச்சாயின என்பதை அறிய இரண்டு பழைய பட்டியல்கள் இன்றும் உதவுகின்றன. ஒன்று, ஜான் மர்டாக் 1865-இல் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் வகைப்பட்டியல். மற்றொன்று, பார்னெட்டும் ஜி.யு. போப்பும் சேர்ந்து 1909-இல் வெளியிட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகத் தமிழ் நூற்பட்டியல்.

நூலகத்தில் உட்காரும் நாள்

8. போவதற்கு இரண்டு வாரம் முன்பே கடிதம் எழுதுங்கள். கேள்வி, காலம், பார்க்க வேண்டிய நூல்கள் மூன்றையும் குறிப்பிடுங்கள். போதகரிடமோ கல்லூரி முதல்வரிடமோ அறிமுகக் கடிதம் வாங்கிச் செல்லுங்கள். கிறிஸ்மஸ், பரிசுத்த வாரம், மே மாத விடுமுறை ஆகிய காலங்களில் இறையியல் கல்லூரி நூலகங்களை நம்பிப் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

9. படம் எடுக்க அனுமதி கிடைத்தால், முதலில் முகப்புப் பக்கம், பிறகு பதிப்பு விவரம் உள்ள பக்கம், அதன் பிறகே வேண்டிய பக்கம். நூலின் அலமாரி எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி ஒவ்வொரு படத்திலும் ஓரத்தில் தெரியும்படி வையுங்கள். நூல் பெயர் தெரியாத ஒரு பக்கத்தின் படத்தால் எந்தப் பயனும் இல்லை.

10. அன்று இரவே குறிப்புகளைத் தட்டச்சு செய்யுங்கள். மேற்கோள் வேறு நிறத்தில், உங்கள் கருத்து வேறு நிறத்தில். ஆறு மாதம் கழித்து எது யாருடைய வாக்கியம் என்று உங்களுக்கே தெரியாது. ஸொட்டேரோ என்ற இலவச மென்பொருள் நூல் விவரங்களைக் காத்து வைக்கும். படங்களின் நகல் இரண்டு இடங்களில் இருக்கட்டும்.

வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

இந்தப் பகுதியை நிதானமாக வாசியுங்கள். நூலின் மற்ற பக்கங்களை மறந்தாலும் இது நினைவில் இருக்க வேண்டும்.

*‘மலபார்’ என்றால் கேரளம் என்று எண்ணுவது.* 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்றும் தமிழை மலபார் மொழி என்றும் எழுதினார்கள். சீகன்பால்கு தொகுத்த ‘மலபார்’ தெய்வ வரலாறு தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றியது. நான் தொடக்கத்தில் ‘மலபார்’ என்று வந்த குறிப்புகளை எல்லாம் கேரளம் என்று ஒதுக்கிவைத்து, பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி வாசிக்க நேர்ந்தது.

*எழுத்து மாறுவதைக் கணக்கில் எடுக்காமல் தேடுவது.* பழைய அச்சில் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் ஒரே வடிவில் வரும். மெய்க்குப் புள்ளி இருக்காது. காலும் ரகரமும் ஒன்று போலவே தோன்றும். சர்வேசுரன் என்ற சொல்லையே சறுவேசுரன், சருவேசுரன், சர்வேஸ்வரன் என்று பல விதமாகத் தேடிப் பார்க்க வேண்டும். மின்னூலகத் தேடலில் ‘இல்லை’ என்று வந்தால், அந்த எழுத்துக்கூட்டில் இல்லை என்பது மட்டுமே அதன் பொருள். ஆட்களின் பெயரும் அப்படியே. சீகன்பால்கு, சீகன்பால்க், சீகன்பால் என மூன்று வடிவிலும் தேடுங்கள்.

*தேதிக் குழப்பம்.* டென்மார்க் 1700-இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752-இல்தான் மாறியது. ஆகவே அதற்கு முன் தரங்கம்பாடியில் எழுதிய கடிதத்துக்கும் சென்னை ஆங்கிலேயக் கோட்டையில் எழுதியதற்கும் இடையே 11 நாள் வேறுபாடு உண்டு. போதாக்குறைக்கு, 1752-க்கு முந்தைய ஆங்கிலச் சட்ட ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. கேள்வி வருவதற்கு முன்பே பதில் போயிருப்பதாக ஒரு கடிதம் காட்டினால், பொய் என்று முடிவு செய்யும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்.

*சங்கீத எண்.* இலத்தீன் வுல்காத்தாவைப் பின்பற்றிய பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் பெரும்பாலான சங்கீதங்களின் எண் ஒன்று குறைவாக இருக்கும். நமது 82 அங்கே 81.

*முழு வேதாகமத்தையும் ஒருவர் பெயரில் எழுதுவது.* சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715-இல் முழுமையாக வெளிவந்தது. பழைய ஏற்பாட்டில் அவர் ரூத் வரைதான் பெயர்த்தார்; 1719-இல் இறந்துவிட்டார். மிச்சத்தை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. எனவே சங்கீதம் 82-இல் ஒரு சொல்லைக் காட்டி ‘சீகன்பால்கு சொன்னார்’ என்று எழுதினால் உங்கள் வாதமே விழுந்துவிடும். ஐக்கியத் திருப்புதலை நம் சபைகளில் ‘பவர் ஐயர் திருப்புதல்’ என்பார்கள். ஹென்றி பவர் தலைமை மொழிபெயர்ப்பாளர் என்பது சரி. ஆனால் அது ஒரு குழுவின் வேலை. ‘ஏன் இந்தச் சொல்’ என்ற கேள்வியைக் குழுவிடம்தான் கேட்க வேண்டும்.

*அச்சான மிஷன் அறிக்கையைக் கடிதத்தின் மூலம் என்று நம்புவது.* தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை ஹாலேயில் சுருக்கியும் திருத்தியும்தான் அச்சிட்டார்கள். அந்த அறிக்கைகளை வாசித்து நன்கொடை கொடுப்பவர்கள் ஐரோப்பாவில் இருந்தார்கள். அவர்களுக்குப் பிடிக்காதவை அச்சில் இடம்பெறவில்லை. சீகன்பால்கு 1713-இல் எழுதி முடித்த தெய்வங்கள் பற்றிய நூல் 1867-இல், அதுவும் சென்னையில்தான், முதன்முதலாக அச்சேறியது. 154 ஆண்டு! எது அச்சானது என்பதோடு எது அச்சாகவில்லை என்பதையும் குறித்துவையுங்கள். மூலக் கடிதம் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருக்கும். இன்று ஜெர்மன் அறிந்தவரே அந்த எழுத்தைத் தனியாகப் பயில வேண்டும். அது முடியாதபோது, ‘அச்சு அறிக்கையின்படி’ என்று எழுதினால் போதும். அது நேர்மையான வழி.

*தமிழரின் குரலை விட்டுவிடுவது.* எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இது. வேதாகம மொழிபெயர்ப்பு வரலாற்றை ஐரோப்பியப் பெயர்களின் அணிவகுப்பாகவே எழுதிக்கொண்டிருக்கிறோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) ரேனியுஸின் திருத்தங்களைக் கடுமையாக எதிர்த்தார். பப்ரிசியுஸின் சொற்களில் ஜெபித்து, பாடி, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்த ஒரு தலைமுறைக்கு அந்தச் சொற்களே பரிசுத்தமாகிவிட்டிருந்தன. லுத்தரன் சபைகள் நெடுங்காலம் பப்ரிசியுஸ் பெயர்ப்பை விடாமல் வைத்திருந்ததற்கும் இந்தப் பற்றே காரணம். ‘பராபரன் ஏன் போனது’ என்ற நம் கேள்விக்குப் பக்கத்திலேயே ‘யாரிடத்தில் போகாமல் நின்றது’ என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்கான சான்று மொழிபெயர்ப்புக் குழுவின் குறிப்பேட்டில் இருக்காது. பழைய ஞானப்பாட்டிலும், ஜெபப் புத்தகத்திலும், கல்லறைக் கல்வெட்டிலும்தான் இருக்கும்.

*செயலி சொன்ன நூலை நம்புவது.* செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் தருகின்றன. கையில் பிடித்தோ திரையில் பக்கத்தைப் பார்த்தோ உறுதி செய்யாத எதையும் அடிக்குறிப்பில் சேர்க்காதீர்கள்.

பாதுகாப்பு: உங்களுக்கும் நூலுக்கும் மனிதருக்கும்

சபையின் பழைய பீரோவைத் திறக்கும்போது முகக்கவசம் அணியுங்கள். பூஞ்சைத் தூசி நுரையீரலைத் தாக்கும். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலையை இன்னொருவரிடம் விடுவது நல்லது. முன்பு பூச்சிமருந்து தூவிய அலமாரிகள் பல உண்டு. நூலைத் தொட்ட கையோடு சாப்பிடக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நூல்களில் பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை கண்டால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். அந்தச் சாயங்கள் சிலவற்றில் ஆர்செனிக் உண்டு.

நூலுக்கு: பென்சில் மட்டும். பேனா, நனைந்த விரல், ஒட்டுநாடா, கேமரா ஃபிளாஷ் எதுவும் வேண்டாம். கழுவி உலர்த்திய வெறுங்கை போதும். உறை போட்ட கை நொய்ந்த தாளைக் கிழித்துவிடும். ஓலைச்சுவடியை வளைக்காதீர்கள், கயிற்றை இழுக்காதீர்கள், எழுத்து தெரிய வேண்டும் என்று எண்ணெயோ கரியோ நீங்களாகப் பூசாதீர்கள். அது பயிற்சி பெற்றவரின் வேலை.

மனிதருக்கு: ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளில் சாதிப் பெயரும், பெற்றோர் விவரமும், சில வேளைகளில் ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பும் இருக்கும். அந்தக் குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் இன்றும் அதே சபையில் உட்கார்ந்திருக்கலாம். பெயர்களை நீக்கி, தேவையான தகவலை மட்டும் எடுங்கள். பதிவேட்டுப் பக்கத்தின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. பேட்டி எடுக்கும்போது எதற்காகப் பதிவு செய்கிறீர்கள், எங்கே வெளிவரும் என்பதை முன்பே சொல்லி ஒப்புதல் பெறுங்கள். பேசியவர் மறுநாள் ‘அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள்’ என்றால் எடுத்துவிட வேண்டும். ஆய்வு நஷ்டப்பட்டாலும் சரி.

சாதி பற்றிய சான்று கிடைத்தால், சபையின் மானம் கருதி மறைக்காதீர்கள். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாதென்று சுற்றறிக்கை அனுப்பிய பிறகு தஞ்சையிலும் சென்னையிலும் எழுந்த எதிர்ப்பு பதிவான வரலாறு. தனிக் குடும்பங்களைக் காப்பது ஒன்று. நடந்ததை அழிப்பது வேறு.

எழுதத் தொடங்கும்போது

11. அட்டவணையிலிருந்து தொடங்குங்கள். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள்.

12. வசனத்தை மேற்கோள் காட்டும்போதெல்லாம் பதிப்பும் ஆண்டும் சேர்த்து எழுதுங்கள். ‘தமிழ் வேதாகமம் சொல்கிறது’ என்ற தொடர் இந்த ஆய்வில் பொருளற்றது. எந்தத் தமிழ் வேதாகமம்? அண்மைக் காலப் பெயர்ப்புகளுக்குப் பதிப்புரிமை உண்டு. நீண்ட பகுதி வேண்டுமானால் வேதாகமச் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

13. ‘காட்டுகிறது’, ‘இருக்கலாம்’, ‘தெரியவில்லை’ என்ற மூன்றையும் வேறுபடுத்தி எழுதுங்கள். ஐக்கியத் திருப்புதல் ‘தேவன்’ என்று அச்சிட்டதை நூலே காட்டுகிறது. வடமொழி அறிந்த வாசகரையும் மனத்தில் வைத்துத் தேர்ந்திருக்கலாம் என்பது உங்கள் ஊகம். சான்று கிடைக்காத இடத்தில் ‘தெரியவில்லை’ என்று எழுதுவது ஆய்வாளருக்குக் குறையல்ல.

14. முடித்த பிரதியை இருவரிடம் கொடுங்கள். ஒருவர் கிரேக்கமோ எபிரேயமோ அறிந்தவராக இருக்கட்டும். மற்றவர் உங்கள் சபையைச் சேராதவராக இருக்கட்டும். புராட்டஸ்டண்டு எழுதினால் ஒரு கத்தோலிக்கர், கத்தோலிக்கர் எழுதினால் ஒரு லுத்தரன். நமக்கு இயல்பாகத் தோன்றும் சொல் இன்னொருவர் காதில் எப்படி விழுகிறது என்பது அவர்களிடமிருந்துதான் தெரியவரும்.

பலர் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்பது ஒன்று உண்டு: இப்படியெல்லாம் ஆராய்ந்தால் விசுவாசம் குறைந்துவிடாதா? நான்கு சொற்களில் எது இறைவனை முழுமையாகச் சொல்கிறது என்று தேடிப் போனேன். எதுவும் சொல்லவில்லை. அவரைச் சொல்ல முயன்ற மனிதர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பது தெரிந்தது. அதன் பிறகு ‘தேவன்’ என்ற சொல்லை நான் அலட்சியமாக வாசித்ததில்லை.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். உங்கள் சபையின் பீரோவில் இருக்கும் பழைய வேதாகமங்களையும் பதிவேடுகளையும் போதகரின் அனுமதியோடு வெளியே எடுத்து, எந்த ஆண்டு, எந்த அச்சகம், எத்தனை பக்கம் மிஞ்சியிருக்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். அதன் நகல் ஒன்றை அருகிலுள்ள இறையியல் கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவையுங்கள். மழைக்காலத்துக்கு முன் செய்துவிடுங்கள்.